சூப் நேரத் தாக்குதல்

மகன் சண்டையில் வென்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது.

விடியற்காலையில் எழும்பி நான் சமைத்த ஆட்டிறைச்சிக் கறி மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. சுகந்தி அதைப் பரிமாறவும் மறந்து மகனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் என்னை ஒருநாளாவது அப்படிப் பார்த்திருப்பாளா?

மதுஷனுக்கு இருபது வயது. சுவிஸ் ஆமியில் பயிற்சி. சனிக்கிழமை லீவில் கூர் நகரத்து எங்கள் வீட்டுக்கு வந்தவன், ரெட்டோ என்ற சிநேகிதனையும் கூட்டி வந்திருந்தான். எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்குப் பக்கத்து, கன்னம் சிவந்த பெடியன். எங்கள் வீட்டுப் புட்டைக் கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தான்.

சண்டை என்றால் பயிற்சிச் சண்டை. மலையில், முழங்கால் அளவு பனியில், இரண்டு அணி. எல்லோர் நெஞ்சிலும் ஒரு கருவி கட்டியிருக்குமாம். துவக்கிலிருந்து வெளிச்சம் வந்து பட்டால் அது கீச்சிடும். கீச்சிட்டவன் செத்தவன். ஓரமாகப் போய் உட்கார வேண்டியதுதான்.

இதற்குப் பெயர் சண்டையாம்.

மதுஷனுடைய அணி கிழமை முழுக்கத் தோற்றுக்கொண்டே இருந்ததாம். சப்பாத்துக்குள் ஈரம், விரல்களில் விறைப்பு, வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒருவன் அழுகை. அப்போதுதான் இவன் ஒரு யோசனை சொன்னானாம்.

"அவங்கள் சூப்புக்கு வரிசையில நிக்கேக்கை, உறைஞ்ச ஆத்துக்கு மேலால போய் அடிச்சம் அப்பா. ஒருத்தனும் எதிர்பார்க்கேல்லை."

அன்று மாலை அழுதவனே பாட்டுப் பாடினானாம். அதிகாரி இவனுக்குக் கை கொடுத்தாராம். சுகந்தி கைதட்டினாள்.

ஈரமாம், விறைப்பாம்! ஊரில் இயக்கத்தில் இருந்தபோது நாங்கள் மார்கழி மழையில், கழுத்தளவு தண்ணீரில், துவக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீரேரியைக் கடந்தவர்கள். தோற்றுத் தோற்றுத் துவண்டு போயிருந்த நேரம் அது. விடிவதற்குள் முகாமைப் பிடித்தோம். சந்திக்குச் சந்தி வெடி கொளுத்தினார்கள். முன்பின் தெரியாத சனம் எங்கள் வாயில் கற்கண்டு போட்டது. முன்னால் போன அணியில் நான் இருந்தேன். முதல் சூடே என்னுடையதுதான்.

இதை மதுஷனுக்கு நான் சொன்னதே இல்லை. பிள்ளைக்கு வேண்டாம் என்பது சுகந்தியின் கட்டளை. அவனுக்குத் தெரிந்த அப்பா, ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறவர், வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்.

இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று தொண்டையைச் செருமினேன். நான் வாயைத் திறந்தால் இவனுடைய சூப்புக் கதை எந்த மூலைக்கு?

சுகந்திக்கு விளங்கிவிட்டது. மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"மகன், நானும் ஒருக்கா..."

அந்த நேரம் பார்த்து ரெட்டோ சிரித்தான். அவன் எதிர் அணியாம். அதுவரை எனக்கு அது தெரியாது. காவலுக்கு நின்ற தன்னைத்தான் மதுஷன் முதலில் சுட்டான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டி டொச் மொழியில் சொன்னான். செத்துப்போய்ப் பனியில் உட்கார்ந்திருந்தவனுக்கு மதுஷனே சூப் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தானாம். அன்றைக்குத் தொடங்கியதாம் சிநேகிதம்.

சொல்லிவிட்டு வெறும் தட்டை நீட்டினான்.

நான் எழும்பி அகப்பையை எடுத்தேன். சட்டியின் அடியிலிருந்து நல்ல துண்டுகளாகப் பார்த்து அள்ளி அவனுக்குப் போட்டேன். 

"என்னவோ சொல்ல வந்தீங்கள், அப்பா?"

ஒன்றுமில்லை என்றேன். சுகந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது. நாங்கள் பிடித்த முகாமின் வாசலில் காவலுக்கு நின்று, என் முதல் சூட்டில் விழுந்தவனுக்கும் இந்த வயதுதான் இருந்திருக்கும்.

என் மகன், தான் சுட்டவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்திருக்கிறான்.