பச்சை டேப் ஒட்டிய குப்பி

"நான் புதுசா எடுத்த என்சைமை ஊத்து, ஓஸ்மானி. அதுவும் இடானியா வளத்த கிருமியிலேருந்து எடுத்ததுதானே? வீம்பு பிடிக்காதே."

"வேண்டாம் மிரெலிஸ். அவ கையால எடுத்ததுதான் வேணும்."

ஹவானா தடுப்பூசி ஆய்வகத்தில் அவர்கள் இருவர் மட்டும். ஓஸ்மானியின் முன்னால், ஐஸில் சுண்டுவிரல் அளவு குப்பி. அதில் இடானியா ஒட்டிய பச்சை டேப்.

சர்க்கரைச் சங்கிலியை ரசாயன முறையில் கட்டியது ஓஸ்மானி. அதைப் புரதத்தில் சரியான ஓர் இடத்தில் மட்டும் ஒட்ட ரசாயனத்தால் முடியாது, என்சைம் வேண்டும். அது அவன் மனைவி இடானியாவின் பொறுப்பு. போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள்.

"ரெண்டு நாள் கரண்டு இல்லாம கெடந்த ஃப்ரீசர்," என்றாள் மிரெலிஸ். "என்சைம் செத்திருந்தா உன் சர்க்கரையும் போச்சு. தண்ணியில கரைச்சா மதியம் வரைக்கும்கூடத் தாங்காது. மறுபடி செய்ய சரக்கு எந்தக் கப்பல்ல வரும், சொல்லு?"

"தெரியும்."

"ஒரு சொட்டு சோதிச்சாவது பாரேன்."

"இருக்கிறதே ஒரு தடவைக்குத்தான்."

"கல்யாணத்துலயும் இப்படித்தான், சோதிக்காம இறங்கினே."

"அவளும்தான்."

மிரெலிஸ் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். "வீட்டுல காபி போடுறியா, இல்லியா?"

"டப்பாவைத் திறக்க முடியல."

"எந்த டப்பா?"

"அவ மூடினது."



ஓஸ்மானி சர்க்கரையைக் கரைத்துப் புரதத்தில் சேர்த்தான். குப்பியை எடுத்து மூடியைத் திருகினான். திறந்தது. கையிலிருந்த மூடியை ஒரு கணம் பார்த்தான். பிறகு ஊற்றினான்.

மதியம் கருவியின் திரையில் கோடு மெல்ல ஏறி, ஒரே சிகரமாக நின்றது.

"ஒட்டிக்கிச்சு!" மிரெலிஸ் அவன் முதுகில் அறைந்தாள். "இடானியா எடுத்தது அவ்வளவு லேசுல சாகுமா?"

ஓஸ்மானி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரே திருகுல திறந்துச்சு, மிரெலிஸ். அவ மூடினது எதுவும் அப்படித் திறந்ததே இல்ல. அவளோடது எங்கே?"

அவள் முகம் சுருங்கியது. ஃப்ரீசரின் அடித்தட்டிலிருந்து, டேப் உரிக்கப்பட்ட குப்பி ஒன்றை எடுத்து வந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். மூடியைச் சுற்றிலும் கீறல்கள்.

"டேப்பை உரிச்சு என்னோடதுல ஒட்டிட்டேன். உனக்குத் தெரியாம ஒரு சொட்டு சோதிக்கலாம்னுதான் முதல்ல இதை எடுத்தேன்," என்றாள். "கட்டிங் பிளேயர் போட்டும் திறக்க முடியல, தம்பி."