தூங்கி

காவல்காரி சருகு ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி நீட்டினாள்.

சருகின் நரம்பில் ஒரு கறுப்பு இழை நின்றது. அதன் நுனியில் கடுகளவு ஏதோ சுருண்டிருந்தது.

சர்வேயர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இதுவா காடு? என் சீப்புல தினமும் இருக்கு இது."

நிலமளக்கும் சங்கிலி பிடிக்கும் மாரப்பன் அவருடைய வழுக்கையைப் பார்த்தான்.

"சீப்பு எதுக்கு சார் உங்களுக்கு?"

கேட்டுவிட்டு இருமினான்.

சர்வேயரிடம் படிவம் இருந்தது. நிலத்தின் தன்மை என்ற கட்டம் மட்டும் காலி. தரிசு என்று எழுதினால் முடிந்தது. மரங்கள் போகும். காட்சிமுனைக்கு வரும் வண்டிகள் இங்கே நிற்கும்.

சரிவின் அடியில் அவள் ஊரின் ஊற்று. மரங்கள் போனால் அதுவும் வற்றும். ஊருக்கு வேறு தண்ணீர் இல்லை.

மழை பெய்து எட்டு மாதம். மரங்களில் பாதி மொட்டை.

அவள் தினக்கூலிக்குக் காட்டைக் காவல் காப்பவள். அந்தக் கட்டத்தில் எழுத அவளுக்கு உரிமை இல்லை.

"செத்ததைக் கொண்டாந்து ஏம்மா காட்டுற?"

"சாகல சார். தூங்கி."

அவள் ஊரில் அந்தக் காளானுக்கு அதுதான் பெயர்.

"மத்த காளான் ரெண்டு நாள்ல அழுகிடும். இது அழுகாது. காஞ்சு கிடக்கும். டீயைக் குடிச்சு முடிங்க, காட்டுறேன்."

கெஞ்சவில்லை. உட்காரச் சொல்லும் குரல்.

குடுவையைச் சாய்த்தாள். கை நிறையத் தண்ணீர். சருகு மிதந்தது.

மாரப்பன் பிளாஸ்க்கைத் திறந்து சர்வேயருக்கு டீ ஊற்றினான்.

அவள் கையை ஆட்டவில்லை. விரலிடுக்கில் சொட்டிய அளவுக்கு மறுபடி ஊற்றினாள்.

முதலில் இழை நிமிர்ந்தது.

டீ பாதி ஆனபோது கடுகு மிளகானது. பிறகு ஒரு விளிம்பு பிரிந்தது. ஒவ்வொரு மடிப்பாக விட்டது.

குடை.

சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. மாதுளம்பூ நிறம். குதிரைமயிர் போன்ற காலில் நேராக நின்றது.

டம்ளர் சர்வேயரின் உதட்டருகே அப்படியே இருந்தது.

வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மாதிரி எத்தனை இருக்கும்?"

"காடு முழுக்கவா சார்? இல்ல, நீங்க நிக்கிற இடத்துலயா?"

அவர் கீழே பார்த்தார். சருகுக்குச் சருகு கறுப்பு இழைகள்.

மெல்ல ஒரு காலைத் தூக்கினார்.

எங்கே வைப்பது என்று தெரியாமல், தூக்கிய காலோடு நின்றார்.