திரையின் நடுவில் ஒரு கறை

அக்கா சோபாவின் நுனியில் உட்கார்ந்தபடி, பழைய டிவியில் அந்தக் கோடுகள் இன்னும் கொஞ்சம் மெல்லிசாக இருக்கும் என்றாள். தம்பி கோடுகளை மெலிய வைத்தான்.

கணினியைப் பழைய வீடியோ கேம் பெட்டியாக நடிக்க வைக்கும் எமுலேட்டர் அது. நடிக்க வைப்பது பெரிய வித்தையல்ல. படம் பளிச்சென்று துல்லியமாக வந்து நிற்பதுதான் தொல்லை.

அந்தக் காலத்து டிவியில் எது துல்லியமாகத் தெரிந்தது? அதனால் ஷேடர் என்ற ஒன்றைப் படத்தின்மேல் போர்த்தி, நல்ல படத்தைப் பாடுபட்டுக் கெடுக்க வேண்டும். குறுக்குக் கோடுகள் போட வேண்டும். ஓரங்களை வளைக்க வேண்டும். சிவப்பைப் பக்கத்து நிறத்தின்மேல் லேசாகக் கசிய விட வேண்டும்.

அக்கா வருகிறாள் என்று தெரிந்ததிலிருந்து தம்பிக்கு இதே வேலைதான்.

அவனுக்கு மூன்று வயதிருக்கும்போது வீட்டைவிட்டுப் போனவள் அவள். அவனாகத் தேடிப் பிடித்த அக்கா, போனில் மட்டுமே பழக்கம். கையில் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டால் பேச்சு தானாக வரும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தான்.

நடந்ததையெல்லாம் அவள் போனிலேயே சொல்லியிருந்தாள். விரும்பியவனோடு கிளம்பிய அன்று, ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். கடைக்குப் போவதாக அம்மாவிடம் ஒரு பொய்.

"ஆஃப் பண்ணிடாதம்மா, இதோ வந்துடறேன்."

அம்மாவிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

அன்று பொழுது சாய்வதற்குள் அம்மா அவளைத் தலைமுழுகிவிட்டதாகச் சித்தி சொல்லியனுப்பினாள். அக்காவும் ரோஷக்காரி. அதன்பிறகு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இப்போது தம்பி கெஞ்சியதற்காக வந்திருக்கிறாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை அம்மா. கதவைத் திறந்துவிட்டு நேராக உள்ளறைக்குப் போய், மடித்து வைத்த துணிகளையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

மாலை ரயிலுக்கு அக்கா திரும்புகிறாள். அம்மா உண்மையிலேயே தன்னை வெறுத்துவிட்டாளா என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்குப் போக மனமில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் தம்பி கன்ட்ரோலரை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தான்.

அக்கா விளையாடினாள். கை எதையும் மறந்திருக்கவில்லை. இரண்டு பள்ளங்களை ஒரே தாவலில் தாண்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். நிறம் சரி, வளைவு சரி, அச்சு அசல் நம்ம டிவிதான் என்று ஒப்புக்கொண்டாள். தம்பிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பிறகு திரையின் நடுவைக் காட்டி, இந்தக் கறை மட்டும் எதற்கு என்று கேட்டாள்.

அவன் அதிகம் மெனக்கெட்டதே அதற்குத்தான். எந்த ஷேடரிலும் கிடைக்காது என்று, ஞாபகத்திலிருந்து தானே வரைந்து படத்தின்மேல் ஒட்டியிருந்தான். மங்கலான, சாம்பல் நிறச் செவ்வகம். அவன் வளர்ந்த வீட்டில் செய்தி வாசிப்பவர்கள் எல்லாரும் அதை மார்பில் சுமந்துகொண்டுதான் வாசித்தார்கள். பக்கத்து வீட்டு டிவியில் அதைக் காணோம் என்று அந்த வீட்டுக்காரர்களுக்காகப் பரிதாபப்பட்டவன் அவன்.

நம்ம டிவியில் அது எப்போதும் இருந்ததே என்றான். டிவியோடு பிறந்த மச்சம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

சத்தியமாக இல்லை என்றாள் அக்கா. அட்டைப் பெட்டியைப் பிரித்து அந்த டிவியை வெளியே எடுத்தவளே அவள்தான். அப்போது நீ பிறக்கவே இல்லை, என்னிடம் கதை விடாதே என்றாள்.

விட்டுக்கொடுக்கும் சுபாவம் இரண்டு பேருக்குமே கிடையாது. கிட்டே போய்ப் பார்த்துவிடலாம் என்று அக்கா ஆட்டத்தை நிறுத்தினாள்.

ஆட்டம் நின்றிருப்பதைச் சொல்லும் வெள்ளைப் பெட்டி திரையின் நடுவில் வந்து நின்றது. வந்து, கறையின்மேல் பொருந்தி உட்கார்ந்தது. இடது ஓரத்தில் மட்டும் ஒரு மயிரிழை பிசகு. அது தம்பியின் ஞாபகப் பிசகு.

தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது.

"இது ஒரு நாள் ரெண்டு நாள்ல விழற கறை இல்லக்கா. பிக்சர் டியூப் இப்படித் தீஞ்சு போகணும்னா, ஒரே படத்தை மாசக்கணக்கா ஆஃப் பண்ணாம..."

அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

அக்கா திரும்பவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளறையில் துணி உதறும் சத்தம் நின்றுபோயிருந்தது. பாதி மடித்த போர்வையோடு அம்மா அறை வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. திரையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, அக்கா வந்ததிலிருந்து முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பவாவது ஆஃப் பண்ணலாமாடி?"