பலகையில் ஏறாத பெயர்

“எங்க நைனா வரைஞ்ச படம் சார் இது. பலகைல அவரு பேரைப் போடுங்க,” என்றார் படகோட்டி தெய்வசிகாமணி.

பழவேற்காட்டு ஏரியோரக் குப்பம் ஒன்றின் பழைய மாதா கோயில் அது. பீடத்துக்கு மேலே, படகில் நிற்கும் மாதாவின் பெரிய ஓவியம். அதன் வரலாற்றைப் பலகையில் எழுதி வைக்கச் சென்னையிலிருந்து பேராசிரியர் பிரபாகரன் வந்திருந்தார். சேதி தெரிந்ததும் தெய்வசிகாமணி, சவாரிக்கு வந்தவர்களைக் கரையிலேயே நிற்க வைத்துவிட்டு ஓடி வந்தார்.

அவருடைய அப்பா சடையன் படகுகளுக்கு வண்ணம் அடித்தவர். பழைய படத்தைக் கரையான் தின்றுவிட, அப்போதிருந்த பாதிரியார் அவரைத்தான் வரையச் சொன்னார். படகுக்கு அடித்து மிஞ்சிய நீலம் மாதாவுக்கு முக்காடானது. முகம், அம்மா அமுதவல்லியுடையது. அவளுடைய மூக்குத்தியைக்கூட அப்பா விட்டுவிடவில்லை.

இதையெல்லாம் கேட்டுப் பேராசிரியர் சிரித்தார். அது மூக்குத்தி இல்லை, லிஸ்பன் சீமாட்டிகள் அணிந்த முத்து என்றார். அந்த நீலத்தைக் கலக்கத் தெரிந்தவர் இன்று உலகத்திலேயே யாரும் இல்லை என்றார்.

“பொன்னேரில டப்பாவுல விக்கிறான் சார்.”

“ஆதாரம் வேணும் பெரியவரே. யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னா அது வரலாறு ஆயிடுமா?”

தான் எழுதிய தடித்த புத்தகத்தைப் பிரித்து அவரே வாசித்துக் காட்டினார். புயலில் சிக்கிய போர்ச்சுகீசியக் கப்பல்தலைவன், மாதாவுக்கு அவன் நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன், அதற்காகக் கடல் தாண்டி வந்த ஓவியன் என்று நான்கு பக்கம் போனது. மூன்று பல்கலைக்கழகங்களில் அது பாடமாம்.

அப்பாவின் பெயர் வரவேண்டிய இடத்தில் வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர். தெய்வசிகாமணி புத்தகத்தை நெருங்கி எட்டிப் பார்த்தார்.

“இதையெல்லாம் உங்களுக்கு யாரு சார் சொன்னது?”

பேராசிரியர் பெருமையோடு அடிக்குறிப்பில் விரலை வைத்தார். தெய்வசிகாமணி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

‘தகவல்: படகோட்டி தெய்வசிகாமணி, பழவேற்காடு, 1996.’

அந்த வருடம் தன் படகில் ஏறிய கல்லூரி மாணவன் ஒருவனிடம், வரைந்தது படகுக்கு வண்ணம் அடிக்கிறவர் என்று சொல்லக் கூச்சப்பட்டு, நடு ஏரியில் ஒரு போர்ச்சுகீசியக் கப்பலையே மிதக்கவிட்டது அவருக்கு மெல்ல நினைவுக்கு வந்தது.