கொடியில் ஆடும் துப்பட்டா

எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, ராகி வயலை ஒட்டிய புது வீட்டின் சமையல் மேடையில் லவினா மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறாள். வீடியோ அழைப்பு அறுபடாமல் ஓடினால் வீட்டிலிருந்தே வேலை. இல்லையென்றால் வாரத்தில் ஐந்து நாளும் கணவன் ஷெர்வினைப் பிரிந்து பழைய பிஜி ஹாஸ்டல்தான். ஏரிக்கு இந்தப் பக்கம் வயர் இழுக்க மாட்டோம் என்று கேபிள்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். சிம் போடும் இணையப் பெட்டியை வைத்துப் பேசிப் பார்த்தபோது ஷெர்வினின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. கடைசி நம்பிக்கையாக இப்போது மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா. "மேடம், இப்ப ஸ்வல்ப பாருங்க," என்று கன்னடம் கலந்து சொல்கிறார் அதைத் திருப்பும் மஞ்சுநாத். பக்கத்தில் கைபேசியோடு நிற்கும் ஷெர்வின், காதோரம் வெயில் மினுங்க, திரையில் பளிச்சென்று வருகிறான். "லவி, கேக்குதா?" என்றவன் திறந்த வாயோடு அப்படியே உறைந்துபோகிறான். இமைகூட அசையவில்லை. இதுவும் போச்சு என்று அவள் அழைப்பைத் துண்டிக்கப் போகிறாள். அவன் தோளுக்குப் பின்னால், கொடியில் காயும் அவளுடைய மஞ்சள் துப்பட்டா மட்டும் காற்றில் நிதானமாக ஆடிக்கொண்டிருக்கிறது. "நடிச்சது போதும், வாயை மூடு, ஈ பூந்துடப் போவுது," என்கிறாள். "மஞ்சுநாத் அண்ணா, நீங்க இதையே இறுக்கி மாட்டிடுங்க." திரையில் ஷெர்வின் சிரிக்கிற அதே நொடியில், மாடிப்படி வழியாகவும் அந்தச் சிரிப்பு இறங்கி வருகிறது.