குட்டைச் சுமைதாங்கி

பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து மலையேறிய செல்லமுத்துவுக்கு எரிச்சல் பொங்கியது. பழைய சுமைதாங்கி இருந்த இடத்தில் குட்டையாக ஒன்று நின்றது. தலைமூட்டையை இறக்க முட்டியை மடக்க வேண்டியிருந்தது.

“எந்தக் குள்ளன் நட்டானோ! நாளைக்கே கடப்பாரையோட வாரேன்.”

அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்த நெட்டை மனிதர் நிமிர்ந்தார். “நாந்தானுங்க நட்டேன்.”

“உங்க உசரத்துக்கு இதுவாங்க?”

“என் சம்சாரத்தோட உசரமுங்க. மாசமா இருந்தவ, பழைய கல்லு எட்டாம, சுமையோட இங்கதான் விழுந்து போயிட்டா.”

பின்னால் வந்த செல்லமுத்துவின் மனைவி மாதம்மாள், ஆறு மாத வயிற்றோடு, யார் கையையும் எதிர்பாராமல் கூடையைக் கல்லின்மேல் நகர்த்தினாள்.

“அப்பாடா! நட்ட மகராசன் நல்லா இருக்கோணும். ஏனுங்க, கடப்பாரை எதுக்கு?”

செல்லமுத்து அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“கல்லு அசையாம மண்ணை இடிச்சுக் கெட்டியாக்கத்தான் புள்ள.”