சேலை கட்டிய சவுக்கு

மரம் சேலை கட்டியிருந்தது.

சும்மா சேலையும் அல்ல. ஆவணியில் பதிவுகாரர் முன்னால் கையெழுத்து வைத்தபோது அன்னப்பூரணி உடுத்திருந்த அரக்குநிறக் கூறைச்சேலை.

பேர்னாட் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக வாசலில் நின்றுவிட்டான். கையில் தாயின் தகரப்பெட்டி. பின்னால் தாய் மக்டலின், செபமாலையும் கையுமாக, மகன் ஏன் வழியை மறிக்கிறான் என்று தெரியாமல் நின்றாள்.

காலையில் வாழைச்சேனை ஸ்டேசனுக்குப் புறப்படும்போது அவன், மனைவி அன்னப்பூரணியிடம் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா வாறதுக்குள்ள மரத்தச் சோடிச்சு வை. வீட்டுல இருக்கிறதுல வடிவானதாப் பாத்துப் போடு."

கல்குடாக் கரையில் வெட்டிவந்த சவுக்குக் கிளையை, மண்ணெண்ணெய்த் தகரத்தில் மணல் போட்டு நட்டதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டான். கடதாசி ஆலையில் இயந்திரத்தைப் பற்றிப் புதுப் பையன்களுக்கு மணிக்கணக்கில் விளக்கம் சொல்கிறவன்தான். கிறிஸ்து பிறப்புக்குச் சோடிக்கிற நத்தார் மரம் எப்படியிருக்கும் என்று மட்டும் உலகத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்பது அவன் எண்ணம்.

அன்னப்பூரணி களுவாஞ்சிக்குடிச் சைவக்காரி. நத்தார் மரத்தைக் கண்ணால் கண்டதில்லை.

ஆனால் ஒரு கிளையை வெட்டிவந்து நட்டுச் சோடிப்பது அவளுக்குப் புதிதல்ல. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்குக் கலியாணக்கால் நடுவார்கள். அந்தக் கிளைக்குச் சேலை உடுத்தி, நகை போட்டு, மணப்பெண்ணாகவே ஆக்கிவிடுவார்கள். பெண்கள் சுற்றிநின்று நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்கள். இங்கேயும் சாமி பிறக்கிற நாள், நட்டுவைத்த கிளை, வடிவான சாமான். வேறு என்னதான் செய்வாள்?

சவுக்குக்கு அட்டியல் போட்டாள். கொப்புகளில் வளையல்களை ஏற்றினாள். நடுத்தண்டில் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைத்தாள். கிளைகளில் பனி மாதிரி ஒட்டலாம் என்று பேர்னாட் வாங்கி வைத்திருந்த பஞ்சைக் கண்டதும், அது எதற்கென்று யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. திரி திரித்துக் குத்துவிளக்கை ஏற்றிவிட்டாள். மிச்சப் பஞ்சைப் பத்திரமாக எடுத்தும் வைத்தாள். சிக்கனமான பெண்.

இப்போது தோய்ந்த தலையோடு மரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். நல்ல பெயர் வாங்கப்போகிறோம் என்ற சந்தோசம் முகமெல்லாம் இருந்தது.

மக்டலினிடம் நல்ல பெயர் வாங்குவது லேசல்ல. ஊருக்கெல்லாம் வேதம் படிப்பித்துக் காலமாகிப்போன உபதேசியார் யோசேப்பின் மனைவி. புளியந்தீவில் மாதா கோயில் மணி பிந்தினாலும் மக்டலின் பிந்தமாட்டாள் என்பார்கள். மகன் சைவக்காரப் பெண்ணைக் கட்டுகிறான் என்றதும், அவளுக்கு எங்கள் பழக்கம் ஒருநாளும் வராது என்று சொல்லி, கலியாணத்துக்கே வராமல் இருந்துவிட்டாள். நத்தாருக்கு ஒருதரம் வந்து பார்க்கிறேன், சரிவராவிட்டால் பின்னேர ரயிலில் திரும்பிவிடுவேன், அதன்பிறகு அந்தப் படி மிதிக்கமாட்டேன் என்று ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள்.

பேர்னாட் ஒதுங்கினான். வேறு வழியில்லை.

மக்டலின் மரத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். கீழே போன பார்வை திரும்பவும் குங்குமப் பொட்டுக்கு வந்தது. செபமாலை உருட்டிய விரல் நின்றுவிட்டது.

"மனே, கிணத்துல கொஞ்சம் தண்ணி அள்ளிட்டு வா."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

தகரப்பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். எப்படியும் திரும்பத் தூக்கவேண்டிவரும்.

கிணற்றடியில் நின்று, 'அவள் தெரியாமல் செய்துவிட்டாள் அம்மா' என்று ஒருதடவை மெல்லச் சொல்லிப் பார்த்தான். தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை. அவள் தெரியாமல் செய்யவில்லை. அவளுக்குத் தெரிந்ததில் மிக நல்லதைச் செய்திருக்கிறாள். மடையன் அவன்தான். அன்னப்பூரணி அழுதுகொண்டு நிற்பாள் என்று நினைத்து, வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தான்.

வீட்டுக்குள்ளிருந்து அழுகை கேட்கவில்லை. ஏச்சும் கேட்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பாதித் தண்ணீர் வழியிலேயே போய்விட்டது.

மக்டலின் மரத்தின் முன்னால் முழங்காலில் இருந்தாள். செபம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, வாயில் இரண்டு ஊசிகள். கட்டியிருந்த சேலையை முழுக்க அவிழ்த்துவிட்டு, முன்பக்கக் கொய்யக மடிப்புகளை முதலிலிருந்து மடித்துக்கொண்டிருந்தாள். கைக்கு இடைஞ்சலாக இருந்த செபமாலை, மரத்தின் கழுத்தில் அட்டியலோடு கிடந்தது. அன்னப்பூரணி தலைப்பைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றாள்.

"அம்மனுக்குக் கொய்யகம் இப்பிடித் தளந்து கிடக்கப்படாது புள்ள," என்றாள் மக்டலின், ஊசிகளை எடுத்துவிட்டு. "வெல்லாவெளியில எங்கட அம்மா கட்டினா, சடங்கு முடியுமட்டும் ஒரு மடிப்பு அசையாது."

பேர்னாட் வாளியை வைத்தான். அவனுக்குத் தெரிந்தவரை அவன் தாய் கன்னியர் மடத்தில் வளர்ந்த அநாதை. உபதேசியார் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார். சொல்லும்போதெல்லாம் மக்டலின் பக்கத்திலிருந்து தலையாட்டியிருந்தாள்.

"உங்களுக்கு ஏதம்மா அம்மா?"

மக்டலின் மகனைப் பார்க்கவில்லை. மரத்துக்கு மேலே சுவரைப் பார்த்தாள். அங்கே கோட்டும் கழுத்துப்பட்டியுமாக உபதேசியார் யோசேப்பு கண்ணாடிச் சட்டத்துக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் மறுகா சொல்றன். முதல்ல உங்கப்பாட படத்தச் சுவர்ப்பக்கம் திருப்பி வை."

பேர்னாட் திருப்பினான்.

அதன்பிறகுதான் மக்டலின் குரவை போட்டாள், அத்தனை வருசத்துக்குப் பிறகும் நாக்கு ஒரு இடத்திலும் இடறாமல். அன்னப்பூரணிதான் கொஞ்சம் பிந்திச் சேர்ந்துகொண்டாள்.